ஓஎம்ஆரில் செயலி எழுதும் பிள்ளைகளுக்கு, ஒரு பழைய வங்கிக் கவுண்டர்க்காரியின் மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

எங்கள் மாடி வீட்டுப் பையன் உங்களில் ஒருவன். ஐடி கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஓஎம்ஆர் சாலையில், சோழிங்கநல்லூரில், பணம் அனுப்பும் செயலி ஒன்றை எழுதும் கம்பெனியில் வேலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். காபி டம்ளரோடு வந்து தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்தவன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: "ஆன்ட்டி, பேங்க்ல கம்ப்யூட்டர் வந்தப்ப உங்களுக்கு பயமா இருந்துச்சா?"

எதற்குக் கேட்கிறான் என்று தெரியும். அவன் நாலு நாள் உட்கார்ந்து எழுதுவதை ஏஐ இப்போது நாலு நிமிஷத்தில் எழுதித் தள்ளுகிறதாம். டீமுக்குப் புது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். வடாம் காய்ந்துவிட்டது, பதில் முடியவில்லை. மிச்சத்தை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் 1979-ல் பாரிமுனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்போது கணக்கு என்றால் லெட்ஜர், தடிமனான கணக்குப் புத்தகம். கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். பணம் எடுக்க வருகிறவருக்குப் பித்தளை டோக்கன் கொடுப்போம். செக் லெட்ஜருக்குப் போகும், அங்கிருந்து கையெழுத்துக் கார்டுக்கு, அங்கிருந்து ஆபீசருக்கு, அப்புறம்தான் கேஷுக்கு. அதற்குள் அவர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பயமா என்றால், பயம்தான். கிளை வாசலில் வாயிற்கூட்டம் போட்டோம். பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் உண்டு. 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது, கம்ப்யூட்டர் வரலாம் ஆனால் அளவோடு என்று. வங்கிகளில் கம்ப்யூட்டரை எப்படிக் கொண்டுவருவது என்று அடுத்த வருடம் ரங்கராஜன் குழு அறிக்கை தந்தது. சில வருடங்களில் எங்கள் கிளைக்கும் ஏஎல்பிஎம் வந்தது. லெட்ஜரில் பதிகிற வேலையைச் செய்யும் இயந்திரம். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு, ஏசி, செருப்பை வெளியே கழற்று என்று ஒரு போர்டு. மானேஜருக்கே தலைக்கு மேல் கரகரவென்று ஓடும் ஃபேன்தான்.

இதில் சொல்ல வெட்கப்படும் ஒன்று இருக்கிறது. அந்த இயந்திரத்தை இயக்குகிறவருக்கு மாதாமாதம் தனி அலவன்ஸ் என்று அறிவித்தார்கள். நேற்று வரை வாசலில் கத்திய நாங்கள் மறுநாள் சீனியாரிட்டி லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றோம். வேலை எனக்குக் கிடைத்தது. ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் நானே குங்குமம் வைத்தேன். என் பக்கத்து நாற்காலிக்காரர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

இயந்திரம் நல்லது செய்ததா? செய்தது. ஜூன் 30, டிசம்பர் 31 என்றால் எங்கள் வீடுகளில் யாரும் எங்களை எதிர்பார்க்க மாட்டார்கள். அரையாண்டு வட்டியைக் கையால் போட்டு, எல்லா லெட்ஜரையும் கூட்டி, பேலன்ஸ் சேரும் வரை கிளம்ப முடியாது. ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு பதினொரு மணி வரை தேடுவோம். அந்தக் கண்றாவி ஒழிந்தது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது, வங்கிக்கு வெளியே அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. சேமிப்புக் கணக்குக்கு அந்தக் காலத்தில் வட்டி எப்படித் தெரியுமா? ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்குத்தான். மாதம் பூராவும் 20,000 ரூபாய் கிடக்கும். 25-ம் தேதி ஆஸ்பத்திரிச் செலவுக்கு 19,000 எடுத்து 28-ம் தேதி திருப்பிப் போட்டாலும் அந்த மாதத்துக்கு வட்டி 1,000 ரூபாய்க்கு மட்டும். இப்படி எத்தனை ஏழைகளின் வட்டி கரைந்ததோ. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. கோடிக்கணக்கான கணக்குகளுக்கு நாள்தோறும் அப்படிக் கணக்குப் போடுவது எங்கள் பேனாவால் ஆகிற காரியமா?

பயந்தது வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2000-2001-ல் அரசுடைமை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நான் சேர்ந்தபோது 22 பேர் இருந்த கிளை, 2016 நவம்பர் 30 அன்று நான் ஓய்வுபெற்றபோது 9 பேர். அதனால் மாடி வீட்டுப் பையனிடம் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் நாற்காலி போகும் என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று தெரியும். வாசலில் கத்தியபோது நாங்கள் நாற்காலிகளை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் செய்யும் வேலையில் பாதி எந்த லெட்ஜரிலும் ஏறாது என்பது அப்போது எங்களுக்கே தோன்றவில்லை.

பெரம்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு நடந்தது. பின்னி துணி ஆலை 1996-ல் மூடியபின், அதில் வேலை பார்த்த ஒரு பெரியவர் மாதாமாதம் வந்து கொஞ்சம் பணம் எடுப்பார். ஒரு நாள் அவர் போட்ட கையெழுத்து கார்டில் இருந்ததோடு சேரவே இல்லை. பேனா பிடித்த கை காற்றில் கொடி மாதிரி ஆடியது. விதிப்படி நான் செய்ய வேண்டியது எளிது: கையெழுத்து வேறுபடுகிறது என்று எழுதித் திருப்பிக் கொடுப்பது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. "எப்போருந்து இப்படி, ஐயா?" என்று கேட்டேன். "மூணு நாளாம்மா" என்றார். உள்ளே கூட்டிப் போய் மானேஜர் எதிரில் உட்காரவைத்து, இரண்டு சாட்சி வைத்து இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிப் பணம் கொடுத்தோம். அதோடு கடைநிலை ஊழியர் ஒருவரைத் துணைக்கு அனுப்பி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் மானேஜர். அந்த ஆட்டோ ஏற்றிய வேலைக்கு எந்த வவுச்சரும் கிடையாது.

உடனே எங்களைத் தேவதைகள் என்று நினைத்துவிடாதீர்கள். லுங்கி கட்டி வந்தவரை "அந்தாண்ட நில்லு" என்று சொன்னதும் இதே கவுண்டர்தான். உணவு இடைவேளை போர்டைத் திருப்பி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் சுவெட்டர் பின்னியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் முகத்துக்குப் பயந்தே வங்கிக்குள் கால் வைக்காத ஜனங்கள் ஏராளம். க்யூஆர் கோடு யாருடைய உடுப்பையும் பார்ப்பதில்லை. இது சின்ன விஷயம் இல்லை, உங்களைப் பாராட்ட வேண்டிய விஷயம்.

இப்போது என் சித்தி கதைக்கு வருகிறேன். வயது 84. சித்தப்பாவின் குடும்ப ஓய்வூதியம்தான் வருமானம். வருடா வருடம் நவம்பரில் தான் உயிரோடு இருப்பதாக லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். விரல் ரேகை இயந்திரத்தில் அவருக்கு எதுவும் விழாது. அறுபது வருடம் சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பிறகு முகத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு செயலி வந்தது. முதல் வருடம் கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. சித்தி என் போனைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், சத்தியமாக.

அடுத்த வருடத்துக்குள் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கண் இமை பாதியில் நின்றுவிட்டது. போனை நீட்டினேன். முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும் என்றது, வைத்தோம். கண் சிமிட்டவும் என்றது. சித்தி வலது கண்ணைச் சிமிட்டினார். ஏற்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தோம். ஏற்கவில்லை. சித்தி கெட்டிக்காரி, ஆள்காட்டி விரலால் இடது இமையைப் பிடித்து மூடித் திறந்து காட்டினார். முகம் மறைக்கப்பட்டுள்ளது என்றது. நாலாவது முறையும் அதே பதில் வந்ததும் போனையே முறைத்துப் பார்த்து, "நான் செத்துட்டேன்னு சொல்றியா?" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.

உதவி எண்ணைக் கூப்பிட்டால் 1-ஐ அழுத்து, 4-ஐ அழுத்து என்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. கடைசியில் ஆட்டோ பிடித்தோம். போன அலுவலகம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் மட்டும் ஏறிப் போய்ச் சொன்னேன். இருபத்தைந்து வயது இருக்கும், அங்கிருந்த பெண் பேனாவையும் ஒரு படிவத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். ஆட்டோவுக்குள் குனிந்து, "பாட்டி, உங்க பேர் என்ன?" என்றாள். சித்தி பெயரைச் சொல்லி, கூடவே சித்தப்பா பெயரையும் அவர் ஓய்வுபெற்ற வருடத்தையும் சொன்னார். அவள் அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். வேலை முடிந்தது. கீழே இறங்கி வர வேண்டும் என்று அவளுக்கு எந்த விதியும் இல்லை.

இந்தச் செயலியை எழுதியவர் கெட்டவர் இல்லை. போட்டோவைக் காட்டி ஏமாற்றக்கூடாது என்பதற்காகத்தான் கண் சிமிட்டச் சொல்கிறது, அது நியாயமான ஏற்பாடு. அதை ஏற்க முடியாதபோது அடுத்து என்ன என்பதற்கு மட்டும் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

இன்னொன்று, சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்கு மனம் தாங்காது. எங்களோடு வேலை பார்த்த ஒரு பழைய ஆபீசர், வயது 74. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்த ஒருவன் உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்று ஒரு பகலும் இரவும் அவரை போன் முன்னால் உட்காரவைத்தான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது, மோசடி என்றால் உடனே 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு அவர் சொல்லித் தந்ததுதான். பயத்தில் எதுவும் ஞாபகம் வராது. இரவு பத்து மணிக்கு, போனிலேயே, வைப்புத்தொகை மூன்றையும் முறித்து அனுப்பிவிட்டார். ஓடிபி சரி, பாஸ்வேர்டு சரி, எல்லாம் சரி.

என் காலத்தில் எஃப்டியை முன்கூட்டியே முறிக்க வேண்டுமானால் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டும். பின்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அது முடிவதற்குள் கவுண்டரில் இருக்கிறவர் எப்படியும் கேட்டுவிடுவார்: "ஏன் சார், இன்னும் நாலு மாசம்தானே, முடிஞ்சப்புறம் எடுத்தா வட்டி முழுசா வருமே?" ஊர் வம்பு என்றுகூட அதைச் சொல்லலாம். எரிச்சல்பட்டவர்களும் உண்டு. அன்று இரவு எங்கள் ஆபீசரிடம் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் போதும், அழுதிருப்பார், விஷயம் வெளியே வந்திருக்கும்.

எனக்கு டெக்னாலஜி என்றாலே ஆகாது என்று நினைக்காதீர்கள். இந்த மடலை நான் போனில் வாயால் சொல்லச் சொல்ல அது தமிழில் எழுதுகிறது, தவறுகளை மட்டும் திருத்துகிறேன். (வடாம் என்றால் படம் என்று எழுதுகிறது, போகட்டும்.) கண்புரை அறுவைக்குப் பிறகு அச்சுப் புத்தகம் படிக்கச் சிரமம். டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிவைத்துப் பழைய இலக்கியங்களைப் படிக்கிறேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், எங்கெங்கோ நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றிய நூல்கள் அவை. அப்போது ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகையைப் பற்றி முடிவெடுக்கும் அளவுக்கு அன்று குழப்பம் இருந்தது. இதையெல்லாம் உட்கார்ந்து சரிசெய்த பொறுமைசாலிகளுக்கு நான் நாள்தோறும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஸ்பீக்கர் டப்பா வந்ததில் சில்லறைத் தகராறு தீர்ந்தது. முழம் நாற்பது என்றால் நாற்பதுதான். ஆனால் க்யூஆர் கோடு மகன் பேரில். டப்பா அம்மாவிடம் "பெறப்பட்டது" என்று கத்துகிறது, பணம் மகனிடம் போகிறது. விடிகாலை கோயம்பேட்டுக்குப் பூ எடுக்கப் போக அவனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதாம். அதனால் தெரிந்தவர்களிடம் மெல்லச் சொல்கிறார், "காசா குடும்மா." நான் காசாகத்தான் கொடுக்கிறேன். இதை எந்தச் செயலியால் சரி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களால் ஆகிற காரியம் என்றும் தோன்றவில்லை.

வர்தா புயல் உங்களில் பலருக்குப் பள்ளிக்கூட லீவாக நினைவிருக்கும். 2016 டிசம்பர் 12. ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் ரொக்கம் இல்லை, கார்டு தேய்க்க கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீள நோட்டு ஒன்றைத் திறந்து, ஆளுக்கொரு பக்கம் போட்டு, அரிசியும் பாலும் கொடுத்தார். பன்னிரண்டு நாள் முன்னால் வரை வங்கியில் உட்கார்ந்திருந்த நானும் அந்த வரிசையில் நின்றேன். லெட்ஜர்! 2023-ல் மிக்ஜாம் வந்தபோதும் அதே நோட்டுதான் கை கொடுத்தது.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் செயலி ஒருவரிடம் 'இல்லை', 'முடியாது', 'ஏற்கவில்லை' என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த ஒவ்வோர் இடத்திலும் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். ரெக்கார்டு பண்ணிய குரல் வேண்டாம், ஓர் ஆள். அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்கட்டும். காகிதப் படிவத்தை ஒழிக்காதீர்கள், ஒரு ஓரமாக அது இருந்துவிட்டுப் போகட்டும். வயதானவர் ஒருவர் நடுராத்திரியில் ஆயுள் சேமிப்பை முறித்தால் காலை வரை நிறுத்திவையுங்கள், திட்டினால் திட்டட்டும். அப்புறம் அந்தத் தமிழ். 'செல்லுபடியாகாத உள்ளீடு' என்றால் என் சித்திக்கு என்ன புரியும்? 'பிறந்த மாதம் தப்பாக இருக்கிறது, பாருங்கள்' என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

இதைச் சொன்னதும் மாடி வீட்டுப் பையன், "அது எங்க கையில இல்ல ஆன்ட்டி, மேல இருக்கறவங்க சொல்றதைத்தான் செய்யணும்" என்றான். கண்ணா, 37 வருடம் கவுண்டரில் நான் சொன்ன வாக்கியம் அது. மேலிடத்து சர்க்குலர் என்போம். பல நாள் அது உண்மை. சில நாள் எழுந்து மானேஜர் அறை வரை நடக்கச் சோம்பல்.

உங்களுக்கு வாயிற்கூட்டம் கிடையாது. ஆனால் தினமும் காலையில் பத்து நிமிடம் நின்றுகொண்டே மீட்டிங் போடுகிறீர்களாமே. அங்கே ஒரு நாளைக்கு ஒருவராவது கேளுங்கள்: "இது இல்லைன்னு சொன்னா, அவங்க எங்க போவாங்க?"

வருகிற நவம்பரில் சித்திக்கு மறுபடியும் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். உங்களில் யாருக்காவது மனம் இருந்தால் எழுதிய செயலியை எடுத்துக்கொண்டு வாருங்கள், அவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்து உட்காருவார். காது கொஞ்சம் மந்தம், பேச்சு தெளிவு. கார் நிறுத்த எங்கள் தெருவில் இடம் இல்லை. சென்ட்ரல் வந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடிப் பக்கம் போகும் புறநகர் வண்டி ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பெரம்பூர். வடாம் பொரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருத்தி,
பெரம்பூர், சென்னை - 11